தாலிக்குள் ஒரு துளி ஈயம்

அன்பு மகனுக்கு,

முதலில் ஒரு வெட்கக்கேட்டை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நீ டாக்டர் பட்டத்துக்குப் படித்த வருடங்கள் முழுவதும், "பையன் என்ன படிக்கிறான்?" என்று கேட்டவர்களிடமெல்லாம் "ஐஸ்கிரீம் கம்பெனிக்கு ஆராய்ச்சி பண்றான்" என்றுதான் சொல்லிவந்தேன். வேண்டுமென்று சொன்ன பொய் இல்லை. "கட்டியா இருக்கிற பொருள் எப்படி உருகுதுன்னு படிக்கிறேன்பா" என்று நீ ஒருமுறை சொன்னாய். உருகுகிற பொருளுக்காக எவன் ஒரு படித்த பையனுக்குச் சம்பளம் கொடுப்பான் என்று யோசித்துப் பார்த்தேன். ஐஸ்கிரீம்காரனைத் தவிர வேறு யாரும் எனக்குத் தோன்றவில்லை. நம் ரிப்பேர் கடைக்கு எதிரே முடிவெட்டுகிற அண்ணன் உன்னைப் பார்க்கும்போதெல்லாம் "டுரியான் ஐஸ்கிரீம் ரொம்ப சீக்கிரம் உருகுது, கொஞ்சம் கவனிங்க தம்பி" என்று சொன்னது அதனால்தான். நீயும் மரியாதைக்குத் தலையாட்டி வைத்தாய்.

பிரிக்பீல்ட்ஸில் பெண் பார்க்கப் போன அன்றுதான் என் குட்டு உடைந்தது. சம்பந்தி சிலோன் தமிழர், அரசாங்க உத்தியோகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், வீட்டுக்குள்ளேகூடச் சட்டைப் பையில் இரண்டு பேனா குத்தியிருப்பவர். "எந்தக் கம்பெனி?" என்று கேட்டார். "பெரிய கம்பெனிங்க, பேரு வெளிய சொல்லக்கூடாது" என்றேன். நீ வடையை விழுங்க முடியாமல் விழித்தாய். "இல்ல அங்கிள், இது தியரி. கணக்குப் போடுறது மட்டும்தான். இதுவரைக்கும் நான் ஒரு பொருளைக்கூட உருக்கினதில்ல." சமையலறையில் தர்ஷினி சிரித்த சத்தம் கூடம்வரைக்கும் கேட்டது. அடக்கப் பார்த்து அடக்க முடியாமல் வந்த சிரிப்பு. மாமனாராகப் போகிறவனைப் பார்த்து இப்படிச் சிரிக்கிற பெண் நம் வீட்டுக்கு வந்தால் நன்றாக இருக்கும் என்று அந்த நிமிடமே முடிவு செய்துவிட்டேன். உன் சம்மதத்தை நான் அப்புறம்தான் கேட்டேன்.

உன்னைச் சிரிக்க வைத்துவிட்டு விஷயத்துக்கு வரலாம் என்று பார்த்தேன். இனி சொல்லப்போவது சிரிப்பதற்கானது அல்ல. இன்னும் நான்கு நாளில் நீயும் அவளும் உன் வேலைக்காக ஜெர்மனிக்கு விமானம் ஏறப் போகிறீர்கள். அதற்குள் சொல்லியாக வேண்டும். அவள் கழுத்தில் கிடக்கிற தாலி என்றைக்கு வேண்டுமானாலும் உடையலாம். உடையாமலும் இருக்கலாம். உடைந்தால் காரணம் உன் அப்பன். இந்தக் கடிதத்தின் உறையை நான் ஒட்டவில்லை. நீயும் படி, அவளிடமும் கொடு. சம்பந்தி வீட்டாருக்குக் காட்டுவதா வேண்டாமா என்பதை நீங்கள் இரண்டு பேரும் முடிவு செய்துகொள்ளுங்கள். நான் ஆறாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன், எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்.

பொன்னுருக்குக்கு முந்தின நாளை நினைத்துப் பார். நம் வீட்டில் அந்த வழக்கம் கிடையாது. நாமெல்லாம் கடைக்குப் போய்த் தாலி வாங்கி, சாமி முன்னால் வைத்துக் கும்பிட்டுவிட்டு, அடுத்த வேலையைப் பார்க்கிறவர்கள். அவர்கள் பக்கத்தில் மாப்பிள்ளை வீட்டிலேயே பத்தர் வந்து உட்கார்ந்து, எல்லோர் கண் முன்னாலும் தங்கக் காசை உருக்க வேண்டும். அந்தப் பொன்னில்தான் தாலி செய்ய வேண்டும். அன்றிலிருந்து கல்யாணம் வரைக்கும் பெண்ணும் பிள்ளையும் பார்த்துக்கொள்ளக் கூடாது. உருகுவதைப் பற்றியே படித்த பிள்ளைக்கு உருக்குவதில் ஆரம்பிக்கிற கல்யாணம் என்று நம் கிள்ளான் ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்தேன். வீட்டு வாசலில் கூடாரம் போட்டு, நீயும் நானும் சிவப்பு நாற்காலிகளை வரிசை போட்டுக்கொண்டிருந்தோம். "இப்பவாவது சொல்லுடா, உருகுறதுல அப்படி என்னதான் இருக்கு?" என்று கேட்டேன். முதல்முறையாக எனக்குப் புரிகிற மாதிரி சொன்னாய்.

"இந்த நாற்காலிங்களைப் பாருங்கப்பா. வரிசையா இருக்கா? ஒவ்வொன்னுலயும் ஒரு ஆள் உக்காந்திருக்கார்னு வச்சுக்குங்க. இதான் கட்டி. ஆனா யாரும் சும்மா உக்கார மாட்டாங்க, ஆடிக்கிட்டே இருப்பாங்க. சூடு ஏற ஏற ஆட்டம் ஜாஸ்தியாகும்."

"உன் சித்தப்பா மாதிரி."

"சித்தப்பா மாதிரியேதான். அந்த ஆட்டம், பக்கத்து நாற்காலிக்கு இருக்கிற தூரத்துல பத்துல ஒரு பங்கு வந்தாலே போதும். வரிசை நிக்காது, எல்லாம் கலைஞ்சிடும்."

"பத்துல ஒன்னுதானா? ஒருத்தன் மேல ஒருத்தன் இன்னும் விழவே இல்லையேடா."

"விழ வேணாம்பா, அவ்வளவே போதும். நூறு வருஷத்துக்கு முன்னாடியே போட்ட கணக்கு இது. பல பொருளுக்கு ஏறக்குறைய சரியா வருது. ஏன் சரியா வருதுன்னு இன்னும் முழுசா யாருக்கும் தெரியாது."

"தெரியாததைப் படிக்கவா இத்தனை வருஷம்?"

"தெரியாததனாலதான்பா இத்தனை வருஷம்."

அப்புறம் நீ கடைசி வரிசைக்குப் போய், ஓரத்து நாற்காலியைத் தொட்டுக் காட்டினாய். இவனுக்கு ஒரு பக்கம் பிடித்துக்கொள்ள ஆள் இல்லை, அதனால் இவன்தான் முதலில் கழன்றுகொள்வான், உருகுவது பெரும்பாலும் ஓரத்தில்தான் ஆரம்பிக்கும் என்றாய். உருகுகிற சூடு வருவதற்கு முன்பே மேல்தோல் இளகிவிடும் பொருள்களும் உண்டு என்றாய். பிறகு சொன்னதுதான் என்னைப் பிடித்துக்கொண்டது. "உருக ஆரம்பிச்சப்புறம் எவ்வளவு நெருப்பு வச்சாலும் சூடு ஏறாதுப்பா. உருகி முடிக்கிற வரைக்கும் தெர்மாமீட்டர் அப்படியே நிக்கும். அவ்வளவு நெருப்பும் உள்ள இருக்கிற கட்டை அவிழ்க்கறதுக்கே போயிடும். அதை மட்டும் பாக்கறவனுக்கு ஒன்னும் நடக்காத மாதிரிதான் இருக்கும்." நான் கையில் பிடித்திருந்த நாற்காலியைக் கீழே வைத்துவிட்டு, தண்ணீர் குடிக்கிற சாக்கில் உள்ளே போனேன். உன் அம்மாவின் படத்துக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றேன். ஏன் என்பதற்குப் பிறகு வருகிறேன்.

மறுநாள் காலை. நீ வெள்ளை வேட்டியில் உட்கார்ந்திருந்தாய். அவர்கள் வீட்டிலிருந்து சம்பந்தியும் சம்பந்தியம்மாவும் நான்கைந்து உறவினர்களும் வந்திருந்தார்கள். பத்தர் மண்சட்டியில் உமி பரப்பி, கரியை அடுக்கி, நடுவில் மூசையை வைத்தார். கட்டைவிரல் உயரத்துக்கு ஒரு சின்ன மண்கிண்ணம், அவ்வளவுதான். "மாப்பிள்ளையோட அப்பா தன் கையால காசைப் போடட்டும்" என்றார். வெற்றிலையில் வைத்திருந்த காசை எடுத்துப் போட்டேன். காசை மட்டும் போடவில்லை. வெற்றிலைக்கு அடியில் உன் அம்மாவின் தோடு ஒன்று இருந்தது. கல்லைக் கழற்றிவிட்டு வைத்திருந்தேன். இரண்டையும் சேர்த்தே மூசைக்குள் சரித்தேன். யாரும் பார்க்கவில்லை. பத்தர் அப்போது ஊதுகுழலைத் துடைத்துக்கொண்டிருந்தார். மகன் கல்யாணத்தைப் பார்க்காமல் போய்விட்டாளே, அவளுடைய பொட்டுத் தங்கமாவது மருமகள் கழுத்தில் இருக்கட்டும் என்று நினைத்தேன். தங்கத்தோடு தங்கம் சேர்ந்தால் என்ன குறைந்துவிடும் என்று நினைத்தேன். முப்பது வருடமாக ரேடியோவும் டிவியும் ரிப்பேர் செய்கிறவனுக்கு, அந்தத் தோட்டின் கொக்கியில் என்ன இருக்கிறது என்பது அந்த நேரத்தில் ஞாபகம் வரவில்லை.

அந்தக் கொக்கியை உடைத்தவன் நீ. உனக்கு அப்போது ஒரு வயதுகூட ஆகவில்லை. அம்மா மடியில் படுத்துக்கொண்டு தோட்டைப் பிடித்து இழுத்தாய், கொக்கி விட்டுக்கொண்டது. பத்தரிடம் கொண்டுபோக வேண்டிய வேலை. நான்தான் பெரிய தொழில்நுட்ப வல்லுநர் ஆயிற்றே! கடையில் உட்கார்ந்து, டிவிக்கு வைக்கிற ஈயத்தை வைத்தே பற்றவைத்துக் கொடுத்தேன். உன் அம்மா கண்ணாடியில் பார்த்துவிட்டு, "இதுல எத்தனை சேனல் வரும்?" என்று கேட்டாள். சாகிறவரைக்கும் அதற்கு 'டிவித் தோடு' என்றுதான் பெயர்.

பத்தர் ஊத ஊதக் கரி சிவந்தது. நீ கழுத்தை நீட்டி மூசைக்குள் எட்டிப் பார்த்தாய். இத்தனை வருடம் கணக்கில் மட்டும் உருக்கியவன் முதன்முதலாக ஒரு பொருள் நிஜமாக உருகுவதைப் பார்க்கிறாய் என்று எனக்குத் தோன்றியது. காசின் ஓரம் முதலில் மழுங்கியது. நீ நாற்காலி வரிசையில் காட்டியது போலவேதான். நீ என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தாய். நானும் கண்ணடித்தேன். கொஞ்ச நேரத்தில் எல்லாம் சட்டென்று ஒரே துளியாகத் திரண்டு உருண்டது. சம்பந்தி கைக்கடிகாரத்தைப் பார்த்து, "நல்ல நேரத்துக்குள்ளயே உருகிட்டுது" என்றார். பத்தர் அந்தத் துளியை ஆறவிட்டு, தட்டில் வெற்றிலை மேல் வைத்து எல்லோருக்கும் காட்டினார். சம்பந்தியம்மா கையில் வாங்கி வெயிலில் பிடித்தார்.

"வடிவா வந்திருக்கு. ஆனா இதென்ன கறுப்பு?"

"கரித்தூளுங்கம்மா, துடைச்சா போயிடும்" என்றார் பத்தர். துடைத்தார். கறுப்பு போகவில்லை. கட்டைவிரலால் அதை மறைத்துக்கொண்டு தட்டை அடுத்த ஆளிடம் நீட்டினார். சம்பந்தியம்மா விடவில்லை. "எங்கட ஆக்கள் பொன்னுருக்குல பொன் பழுதாப் போச்சுதெண்டா கல்யாணத்தையே தள்ளி வச்சிடுவினம்" என்றார். பயமுறுத்தச் சொன்னதில்லை, சும்மா பேச்சுக்குச் சொன்னதுதான். எல்லோரும் சாப்பிட எழுந்தார்கள். நான் கேசரியை மிச்சம் வைத்ததை நீ கவனித்திருந்தால் அப்போதே சந்தேகப்பட்டிருப்பாய்.

இரண்டு நாள் கழித்து, மத்தியானம் கடையில் மின்விசிறி ஒன்றைப் பிரித்துக்கொண்டிருந்தபோது பத்தர் போன் செய்தார். "அண்ணே, கொஞ்சம் வாங்க. தனியா வாங்க." தெங்கு கிளானா சாலையில் அவர் பட்டறைக்குப் போனேன். பட்டடைக்கல் மேல் நம் தங்கம் இரண்டு துண்டாகக் கிடந்தது. "ஒரே அடிதாண்ணே. தங்கம்னா தட்டத் தட்டத் தகடா நீளணும். இது பிஸ்கட் மாதிரி விட்டுக்குச்சு." உடைந்த இடத்தைக் காட்டினார். வெளியே மஞ்சள், உள்ளே சாம்பல் நிறத்தில் மணல் மணலாக இருந்தது. "நாப்பது வருஷமா இந்த வேலை பாக்குறேன், பொன்னுருக்குத் தங்கம் என் கையில வெடிச்சதில்ல. என்ன போட்டீங்க?" சொன்னேன். அவர் திட்டவில்லை. எழுந்து போய்க் கையைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தார். அவர் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

அன்று தோசை சாப்பிடும்போது உன்னிடம் ஒரு கேள்வி கேட்டேனே, ஞாபகம் இருக்கிறதா? தங்கத்தில் கொஞ்சம் ஈயம் கலந்தால் என்ன ஆகும் என்று. தர்ஷினியைப் பார்க்கவிடாமல் வீட்டில் அடைத்துவைத்த கடுப்பில் இருந்தவனுக்குக் கண்ணில் வெளிச்சம் வந்துவிட்டது. சட்னியில் விரலால் கோடு போட்டுக் காட்டினாய்.

"உருகியிருக்கும்போது ரெண்டும் ஒத்துமையா இருக்கும்பா. ஆறும்போதுதான் பிரச்சினை. தங்கம் தன் ஆளுங்களை மட்டும் வரிசையா உக்கார வச்சுக்கிட்டு ஈயத்தை வெளிய தள்ளிடும். வரிசைக் கூட்டத்துக்கும் கூட்டத்துக்கும் நடுவுல சந்து மாதிரி இருக்கும்ல, ஈயம் அங்கப் போய் நிக்கும். கடைசியா உறையறது அதுதான். வெளிய பாத்தா தங்கம்தான். தட்டினா அந்தச் சந்து வழியா விட்டுக்கும்."

"எவ்வளவு ஈயம் வேணும்?"

"ரொம்பல்லாம் வேணாம்லா. துளியூண்டு போதும். ஏன்பா கேக்கறீங்க?"

"சும்மாதான். கடைக்கு ஒருத்தர் வந்து கேட்டாரு."

இன்னும் இரண்டு தோசை எடுத்து வருகிறேன் என்று சொல்லிவிட்டு எழுந்து போனேன். நான் சாப்பிட்டு முடித்திருந்ததை நீ கவனிக்கவில்லை. கணக்கு ஓட ஆரம்பித்தால் உனக்கு வேறு எதுவும் கண்ணில் படாது. இது என்னிடமிருந்து வந்த வியாதி. இதைப் பற்றியும் சொல்ல வேண்டும்.

பத்தர் அந்தத் தங்கத்தை வெங்காரமும் வெடியுப்பும் போட்டு மறுபடி இரண்டுமுறை உருக்கினார். இரண்டாவது முறை நானும் கூட இருந்தேன். மேலே கறுப்பாக ஆடை கட்டியது, அதை வழித்து வழித்து எடுத்தார். கடைசியில் தட்டிப் பார்த்தார், தகடாக நீண்டது. எனக்கு உயிர் வந்தது. ஆனால் அவர் முகம் தெளியவில்லை. தாலி செய்து கையில் கொடுத்த அன்று சொன்னார்: "என்னால முடிஞ்சதைச் செஞ்சிட்டேண்ணே. வேற தங்கத்துல செஞ்சு குடுத்திடலாம், யாருக்கும் தெரியாது. ஆனா இதே பொன்னுன்னு சொல்லி சாமிக்கு முன்னாடி உருக்கினது, எனக்கு மனசு வரல. உள்ள மயிரிழை மாதிரி வெடிப்பு எங்கயாவது ஒளிஞ்சிருந்தா என் கண்ணுக்குத் தெரியாது. கியாரண்டி கேக்காதீங்க." என் கடையில் நானே எத்தனை பேரிடம் சொன்ன வார்த்தை அது! ஓடினால் ஓடும், நின்றால் என்னைக் கேட்காதே என்று சொல்லிப் பழைய டிவியைத் தூக்கிக் கொடுத்து அனுப்பியிருக்கிறேன். வாங்கிக்கொண்டு போகிறவன் முகம் எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

உன் கல்யாணத்தில் நான் ஏன் அழுதேன் என்று எல்லோரும் அவரவர்க்குத் தோன்றியதைச் சொன்னார்கள். அம்மா ஞாபகம் என்றார்கள், ஆனந்தக் கண்ணீர் என்றார்கள். நீ தாலியைக் கையில் எடுத்தாய். கொடியில் தொங்கிய தாலி ஆடியது. பத்தில் ஒரு பங்கு, பத்தில் ஒரு பங்கு என்று என் வாய் தானாக முணுமுணுத்தது. மேளம் உச்சத்துக்குப் போனது. யாரோ எறிந்த அட்சதையில் ஒரு மஞ்சள் துண்டு கிடந்து தாலியில் பட்டுத் தெறித்ததை நான் என் கண்ணால் பார்த்தேன். ஒன்றும் ஆகவில்லை. அன்றிலிருந்து இன்றுவரை ஒன்றும் ஆகவில்லை. அதுதான் என்னைக் கொல்கிறது. அவள் குனிந்து கோலம் போட்டால் பார்க்கிறேன், கார்க் கதவைத் திறந்தால் பார்க்கிறேன், போனை நெஞ்சோடு பிடித்துப் பேசினால் டிக் டிக் என்று தாலி போனில் இடிப்பதை எண்ணிக்கொண்டே இருக்கிறேன். போன வாரம் அவளே கேட்டுவிட்டாள். "மாமா, ஏன் என் கழுத்தையே பாக்கறீங்க? அழுக்கா இருக்கா?" மானம் போயிற்று. "இல்லம்மா, கொடி டிசைன் நல்லாருக்கு" என்று சமாளித்தேன். மறுநாள் அவள் அந்த டிசைனைப் படம் பிடித்து எனக்கு அனுப்பினாள், "உங்களுக்கும் ஒன்னு செய்வோமா?" என்று. நல்ல பெண், மகனே. உன்னைவிட எனக்குப் பொருத்தமான பிள்ளை.

உடைந்தால் என்ன ஆகிவிடும், இன்னொன்று செய்துகொள்வோம் என்று நீ சொல்வாய். நானும் அப்படித்தான் சொல்லிக்கொள்கிறேன். ஆனால் அந்நிய ஊரில், பனியில், சொந்தம் யாரும் பக்கத்தில் இல்லாமல், ஒருநாள் காலையில் தாலி இரண்டாகக் கையில் வந்தால் அந்தப் பெண் என்ன நினைப்பாள்? அவள் அம்மா சொன்னது ஞாபகம் வராதா? அதை யாரிடமும் சொல்லாமல் மனசுக்குள் வைத்துக்கொண்டு, நீ வேலைக்குப் போய் வருகிற வழியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாளே, அந்தப் பயத்துக்கு நான் என்ன பதில் சொல்வேன்? எனக்கு அந்தப் பயம் என்னவென்று தெரியும். நான் அதில் இருந்தவன்.

இதுவரைக்கும் உன்னிடம் சொல்லாததை இப்போது சொல்கிறேன். உன் அம்மா போனபோது உனக்குப் பதினாறு வயது. திடீரென்று போய்விட்டாள், மாரடைப்பு, யாராலும் எதுவும் செய்திருக்க முடியாது என்று உன்னிடம் சொன்னேன். அது பொய். அதற்கு மூன்று நாள் முன்னால் மத்தியானம் அவள் பள்ளிக்கூடக் கேண்டீன் வேலை முடிந்து நேராகக் கடைக்கு வந்தாள். கையில் டிவித் தோடு. நான் வைத்த ஈயம் விட்டுப்போயிருந்தது. "டிவிக்காரரே, உங்க வேலை கழண்டு விழுந்திருச்சு. இது நல்லதுக்கில்ல" என்று சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். நாற்காலியில் உட்கார்ந்து கையை நெஞ்சில் வைத்துக்கொண்டாள். "என்ன?" என்றேன். "ஒன்னுமில்ல, வெயிலு" என்றாள். நான் சோல்டரிங் அயனைச் சூடாக்கி, பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, அந்தக் கொக்கியோடு அரைமணி நேரம் போராடினேன். அவ்வளவு கவனமாக நான் எந்த வேலையும் செய்ததில்லை. முடித்துவிட்டு நானே அவள் காதில் போட்டுவிட்டேன். காது ஜில்லென்று வியர்த்திருந்தது. "மழையில நனைஞ்ச கோழி மாதிரி இருக்கே" என்று கேலி செய்தேன். சிரித்தாள். பஸ் பிடித்து வீட்டுக்குப் போனாள்.

அவள் போன பிறகு, தோடு உடைந்தது சகுனம் என்று ரொம்ப நாள் என்னையே நம்ப வைத்துக்கொண்டேன். அது எனக்கு வசதியாக இருந்தது. சகுனம் என்றால் விதி, விதி என்றால் என் தப்பு இல்லை. நீ கடைசி நாற்காலி வரிசையில் நின்று, உருகும்போது தெர்மாமீட்டர் நகராது என்று சொன்னாயே, அப்போதுதான் அந்த வசதி எனக்குப் போயிற்று. அந்த வருடம் முழுவதும் அவள் மாடிப்படி ஏறும்போது நடுவில் நின்று மூச்சு வாங்கினாள். மீன் கூடையை உன்னிடம் தூக்கக் கொடுத்தாள். எப்போது கேட்டாலும் அதே பதில், ஒன்னுமில்ல. நெருப்பு முழுக்க உள்ளே போய்க்கொண்டிருந்தது. நான் வெளியே நின்று, தோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். திடீரென்று என்பது பார்க்காமல் இருந்தவன் சொல்கிற வார்த்தை, மகனே.

அதனால் அப்பன் புத்தி சொல்லலாம் என்றால் எனக்குச் சொல்ல இவ்வளவுதான் இருக்கிறது. தாலி உடைந்தால் பயப்படாதே. அவளிடம் இந்தக் கடிதத்தைக் காட்டி, இது விதி இல்லை, மாமா வைத்த ஈயம் என்று சொல். அவள் அதற்கும் சிரிப்பாள். ஆனால் தாலி உடையவில்லையே என்று நிம்மதியாகவும் இருந்துவிடாதே. அவள் "ஒன்னுமில்ல" என்று சொன்னால் இரண்டாவது முறை கேள். மூன்றாவது முறை கேட்காதே, அறைவாள். பக்கத்தில் போய் உட்கார், கையைப் பிடித்துப் பார், ஜில்லென்று இருந்தால் கேலி செய்யாமல் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போ. அங்கே அவளுக்கு ஒரு பக்கத்திலும் பிடித்துக்கொள்ள ஆள் கிடையாது, உன்னைத் தவிர. ஓரத்து நாற்காலி என்று நீதான் எனக்குச் சொல்லிக்கொடுத்தாய். கணக்குப் போடும்போது அரைமணிக்கு ஒருமுறை தலையைத் தூக்கு. உன் கணக்கு எங்கும் ஓடிவிடாது. இத்தனை வருடம் யாருக்கும் தெரியாமல் இருந்தது இன்னும் கொஞ்சம் தெரியாமல் இருந்தால் குடி முழுகாது.

அப்புறம், வாரத்துக்கு ஒருமுறை எனக்குப் போன் செய். எனக்கும் மாடிப்படியில் மூச்சு வாங்குகிறது. டாக்டரிடம் போனேன், மாத்திரை கொடுத்திருக்கிறார், ஒழுங்காகப் போடுகிறேன். இதை நீ கேட்பதற்கு முன்பே சொல்லிவிட்டேன் பார், நான் திருந்திவிட்டேன்.

அம்மாவின் இன்னொரு தோடு, உடையாதது, ஈயம் படாதது, என்னிடம் பத்திரமாக இருந்தது. அதைத் தர்ஷினிக்கு இந்தக் கடிதத்தோடு வைத்து அனுப்புகிறேன். இன்று மத்தியானம் அதைப் பஞ்சில் துடைத்துக்கொண்டிருந்தபோது கொக்கி என் கையோடு வந்துவிட்டது. சோல்டரிங் அயனை எடுத்துச் சூடாக்கினேன். சூடாகும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு சுவிட்சை அணைத்துவிட்டு, பத்தர் பட்டறைக்குப் போனேன். இன்று அவருக்கு விடுமுறை. தோட்டில் செலோடேப் ஒட்டியிருக்கிறேன்.

அப்பா